லெபெல் துப்பாக்கி

திருநள்ளாறு உள்ளிட்ட காரைக்கால் பகுதி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சில கல் தொலைவிலேயே பிரிட்டிஷாரின் தஞ்சை மாவட்டம். ஆகவே முதல் உலகப் போருக்குச் சென்ற நம் இளைஞருள், இப்புறத்தார் சேர்ந்த படையின் துப்பாக்கி லெபெல். அப்புறத்தாரின் படைக்கோ லீ-என்ஃபீல்டு. இரண்டும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுபவையே.

1884இல் பால் வியேய் என்னும் வேதியியலார் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். போர் அமைச்சர் பூலான்ஜே அவசரப்படுத்தவே, பழைய கிரா துப்பாக்கியைத் தழுவி, 8 மில்லிமீட்டர் லெபெல் 1886இல் பிறந்தது. கர்னல் லெபெல் வகுத்தது குண்டை மட்டுமே. பெயரோ அவருக்கே போயிற்று! பிற நாட்டுத் துப்பாக்கிகள் யாவும் அதன்முன் பழமையாயின.

அவசரத்தின் குறை பின்னரே தெரிந்தது. குழலுக்கு அடியிலுள்ள குழாயில் எட்டுத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகவே செருக வேண்டும். லீ-என்ஃபீல்டு பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். தகட்டில் கோத்த ஐந்தை ஒரே அழுத்தில் இறக்கலாம். பதுங்குகுழியில் அந்தச் சில நொடிகளின் விலை உயிர் என்பதை நாம் மறக்கலாகாது. முந்திப் பிறந்ததே பிந்தி நின்றது. பிரெஞ்சுப் படை மாஸ் என்னும் புதிய துப்பாக்கியை ஏற்றது 1936இல்தான். மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்க்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச்சின்னம் எழுந்ததும் அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே.