மாநாட்டுக்கு இரண்டு பாலிசி: எதை முதலில் எடுப்பது?

மாநாடோ வர்த்தகக் கண்காட்சியோ நடத்துபவருக்கு இன்சூரன்ஸ் சந்தையில் முக்கியமாக இரண்டு பாலிசிகள் உண்டு. ஒன்று பொறுப்புக் காப்பீடு, மற்றது ரத்துக் காப்பீடு. ஒரே நிகழ்ச்சிக்கு எடுப்பவைதான், ஆனால் குணத்தில் எதிரும் புதிரும். ஏற்பாட்டாளர் பக்கம் தவறு என்றால் முதலாவது துணைக்கு வரும். இரண்டாவது கையை விரித்துவிடும்.

ஸ்டாலுக்கு இழுத்த மின்வயரை டேப் போட்டு ஒட்டாமல் விட்டார்கள். பார்வையாளர் ஒருவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வழக்கு வந்தால் வக்கீல் செலவு எல்லாம் பொறுப்புக் காப்பீட்டின் கணக்கு. இழப்பீடு போய்ச் சேர்வது விழுந்தவருக்கு. அதே மாநாட்டுக்கு முதல் நாள் வெள்ளம் புகுந்து அரங்கத்தைப் பூட்டினால், அரங்க முன்பணமும் அச்சுச் செலவும் ரத்துக் காப்பீட்டின் கணக்கு. இங்கே பணம் ஏற்பாட்டாளருக்கே வரும். ஆனால் டிக்கெட் விற்கவில்லை, ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்று நிறுத்தினால் சாதாரண ரத்து பாலிசியில் பைசா தேறாது.

ரத்துக் காப்பீட்டில் காரணம்தான் எல்லாம். 2020 மார்ச் 6-ம் தேதி அமெரிக்காவின் ஆஸ்டின் நகர நிர்வாகம், சவுத் பை சவுத்வெஸ்ட் மாநாட்டையும் விழாவையும் கொரோனா அச்சத்தால் நிறுத்தியது. நடத்தியவர்களிடம் பாலிசி இருந்தது. தொற்றுநோயால் வரும் ரத்து அதில் அடங்கவில்லை. சில நாட்களில் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலையிழந்தனர். அதே ஆண்டு ரத்தான விம்பிள்டன் போட்டிக்கோ தொற்றுநோய்ப் பாதுகாப்பு இருந்தது. பத்து கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. பாலிசியின் ஒரு பிரிவுதான் இருவரையும் பிரித்தது. நோய் பரவத் தொடங்கிய பிறகு அந்தப் பிரிவைச் சேர்க்கக் கேட்டால் எந்த நிறுவனமும் தராது.

பொறுப்புக் காப்பீட்டில் கேள்வி வேறு: எவ்வளவுக்கு எடுத்திருக்கிறோம்? 2011 ஆகஸ்ட் 13 அன்று இண்டியானா மாநிலக் கண்காட்சியில், இசை நிகழ்ச்சிக்கு முன் வீசிய காற்றில் மேடைக் கூரைச் சட்டகம் சரிந்தது. ஏழு பேர் இறந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சட்டப்படி ஒரு சம்பவத்துக்கு மாநில அரசின் பொறுப்பு 50 லட்சம் டாலரோடு முடிந்துவிடும். அது போதாமல் சட்டமன்றம் பின்னர் 60 லட்சம் கூட்டியது. மேடையோடு தொடர்புடைய தனியார் தரப்புகள் 3.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது 2014-ல்தான். ரத்தான மாநாட்டின் நஷ்டத்தை வரவு செலவுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். விபத்தின் விலையை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீளும்.

அரங்க உரிமையாளர்களும் இதை அறிந்தவர்கள். வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதும், அதில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்வதும் அமெரிக்காவில் வழக்கம்; ஒரு சம்பவத்துக்கு பத்து லட்சம் டாலர் என்பது அங்கே சாதாரணமாகக் கேட்கப்படும் தொகை. நம் நிகழ்ச்சி ரத்தானால் நமக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கவலையல்ல. அதனால் ஒரு பாலிசியை அடுத்தவர் கட்டாயத்தில் எடுக்கிறோம். மற்றதை நாமே யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பொறுப்புக் காப்பீடே முதலில். ரத்தால் வரும் நஷ்டம் போட்ட பட்ஜெட்டோடும் எதிர்பார்த்த வருமானத்தோடும் நிற்கும். அடுத்தவர் உயிருக்கும் உடம்புக்கும் நேரும் கேட்டுக்கு அப்படி எல்லை இல்லை. ஆண்டு மாநாட்டு வருமானத்தையே நம்பிப் பிழைக்கும் சங்கங்கள் மட்டும் இரண்டையும் எடுத்தாக வேண்டும். அவை பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் விலக்குப் பட்டியலைப் படிப்பது நல்லது.