பிர் கோட்டை வளவில் ஒரு தொலைநோக்கி: 1845 இன் முதல் இரவுகள்

புதுத் தொலைநோக்கி ஒண்டு கையில கிடைச்சால் எல்லாரும் முதலில் தெரிஞ்சதைத்தான் தேடுவினம். சந்திரனின் குழிகள், வியாழனின் நிலவுகள், சனியின் வளையம். தெரியாததைப் பார்க்கிற பொறுமை பிறகுதான் வரும். 1845 இல் அயர்லாந்தில் ஒரு மனிதர் தன்னுடைய வீட்டு வளவுக்குள் உலகத்திலேயே பெரிய தொலைநோக்கியை நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. என்ன, அங்கே வந்த ஆக்கள் தேடினது சந்திரனை இல்லை. ஒரு பெரிய வாக்குவாதத்துக்கான முடிவை.

அந்த மனிதர் வில்லியம் பார்சன்ஸ், மூன்றாவது றோஸ் பிரபு. ஊர் அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள பிர். அந்தக் காலத்தில் அதன் பெயரே பார்சன்ஸ்டவுன். ஊருக்கே அந்தக் குடும்பத்தின் பெயர் எண்டால், அங்கே நிலம் ஆருடையது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆகவே 'வீட்டு வளவு' என்று நாங்கள் எழுதுவது கொஞ்சம் அடக்கமான சொல்தான். அது ஒரு கோட்டையின் தோட்டம்.

தொலைநோக்கியின் உயிர் அதன் ஆடி. இப்போது போலக் கண்ணாடியில் உலோகம் பூசிய ஆடி இல்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த, 183 சென்ரிமீற்றர் விட்டமும் ஏறக்குறைய 3 தொன் நிறையும் கொண்ட ஒரு தட்டு. அவ்வளவு பெரிதாக ஒருவரும் வார்த்ததில்லை, வார்க்கத் தெரிந்த தொழிற்சாலையும் இல்லை. பிரபு தானே பட்டறை போட்டார், உலை கட்டினார், தன் நிலத்தில் வேலை செய்த ஆக்களையே பழக்கி எடுத்தார். உலையில் எரிந்தது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள், அயர்லாந்தின் ஏழைக் குடிசைகளின் அடுப்பில் எரிகிற அதே விறகு. 1842 ஏப்ரலில் ஓரிரவு மூன்று பெரிய மூசைகளில் இருந்து உருகிய உலோகத்தை ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். அது வெடிக்காமல் ஆறுவதற்கு 16 கிழமைகள் சூளைக்குள்ளேயே கிடந்தது. ஐந்து தடவை வார்த்ததில் பயன்பட்டவை இரண்டு ஆடிகள். இரண்டும் தேவைப்பட்டன, அயர்லாந்தின் ஈரக் காற்றில் இந்த உலோகம் கெதியில் மங்கிவிடும், ஒன்று குழாய்க்குள் இருக்க மற்றது மெருகுக்குப் போகும்.

குழாய் 16 மீற்றருக்கு மேல் நீளம். அதற்குள்ளால் ஜோர்ஜ் பீக்கொக் என்ற கணித அறிஞரும் மதகுருவுமானவர் குடையை விரித்தபடியே நடந்து போனார் என்று ஒரு கதை உண்டு. இந்தக் குழாயை ஏறக்குறைய 15 மீற்றர் உயரமான இரண்டு கல்மதில்களுக்கு நடுவில் சங்கிலிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். மேலும் கீழும் நன்றாக அசையும், பக்கவாட்டில் கொஞ்சம்தான். ஒரு வான்பொருள் தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கிற நேரத்தில், பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் போல மட்டும், அதைப் பிடிக்கலாம். கீழே ஆக்கள் சில்லைச் சுற்ற, பார்ப்பவர் இருட்டில் உயரமான மரத்தட்டில் நின்று குழாயின் மேல்வாய்ப் பக்கம் கண்ணை வைக்க வேண்டும். செலவு 12,000 பவுண் அளவில். அந்தப் பணத்தில் பெரிய பங்கு மனைவி மேரியின் சொத்தில் இருந்து வந்தது. இந்தத் தொலைநோக்கியைப் பற்றிய கதைகளில் மேரி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துபோகிறார். அவர் அயர்லாந்தின் ஆரம்பகாலப் புகைப்படக்காரர்களில் ஒருவர். தொலைநோக்கியை அந்தக் காலத்தில் எடுத்த நல்ல படங்கள் அவருடையவை.

1845 பெப்ரவரியில் இரண்டு விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஆர்மா வானாய்வகத்தின் இயக்குநர் தோமஸ் றொம்னி றொபின்சன், மதகுரு. மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் சவுத். தனக்குச் செய்து தந்த கருவி சரியில்லை எண்டு வழக்காடி, கடைசியில் அதை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு ஏலத்தில் விட்ட கோபக்காரர். வானமோ முகில் மூடிக் கிடந்தது. தொலைநோக்கி வைத்திருக்கிற எவருக்கும் இந்த வேதனை விளங்கும். மார்ச் முற்பகுதியில்தான் குளிரோடு தெளிந்த இரவுகள் வந்தன.

அவர்கள் தேடினது என்ன? வானத்தில் மங்கலாகத் தெரியும் புகைத்திட்டுகளை நெபுலா எண்டு சொல்லுவினம். அவை உண்மையிலேயே ஒளிரும் வாயுவா, அல்லது தூரத்தால் பிரித்தறிய முடியாத நட்சத்திரக் கூட்டங்களா? இது வெறும் வானியல் கேள்வி இல்லை. வாயு எண்டால், அது சுருங்கிச் சூரியனும் கோள்களும் தானாகவே உருவாகின என்ற கருத்துக்குப் பலம் கிடைக்கும். அதற்கு முந்தின வருடம்தான், 1844 இல், பெயர் போடாமல் வந்த ஒரு புத்தகம் அந்தக் கருத்தை உயிர்களின் தோற்றம் வரைக்கும் இழுத்துச் சென்று பிரித்தானியாவைக் கலக்கியிருந்தது. மதகுருவான றொபின்சனுக்கு நெபுலாக்கள் நட்சத்திரங்களாக இருக்க வேண்டியிருந்தது.

இருந்தன. தாங்கள் பார்த்தவற்றில் உண்மையான நெபுலா எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவர் அறிவித்தார்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஆர்வம் கூடுகிறது. அந்த மார்ச் இரவுகளில் அவர்கள் பார்த்தவற்றில் மெசியே பட்டியலின் 51 ஆம் இலக்கப் பொருளும் ஒன்று. இன்றைக்கு ஆரேனும் அதன் படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சுருள். தண்ணீர்ச் சுழி மாதிரி இரண்டு கைகள். உலகத்தின் மிகப் பெரிய ஆடிக்கு முன்னால் நின்ற, நல்ல பயிற்சியுள்ள இரண்டுபேர் அதைக் கவனிக்கவில்லை. மையத்தில் நட்சத்திரங்கள் பிரிகின்றனவா எண்டுதான் பார்த்தார்கள். பிரிகிற மாதிரித் தெரிஞ்சது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சில கிழமைகள் கழித்து, ஏப்ரலில், றோஸ் பிரபு அதே பொருளைப் பார்த்து வரைந்தார். வரைகிற ஆள் அவசரப்பட ஏலாது. எந்த இடம் எவ்வளவு மங்கல், எந்தக் கோடு எங்கே வளைகிறது எண்டு கண்ணைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். சுருள் தாளில் வந்தது. ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் அந்தப் படம் கைமாறிப் போனது. அது என்னவென்று பிரபு உட்பட ஒருவருக்கும் விளங்கவில்லை. உருவம் மட்டும் தெரிந்தது.

அந்த வருடம் செப்ரெம்பரில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குத் தோட்டங்கள் கறுத்து அழுகத் தொடங்கின. 1846 இல் விளைச்சல் ஏறக்குறைய முழுதாகவே போனது. பஞ்சத்திலும் அதோடு வந்த காய்ச்சலிலும் பத்து இலட்சம் பேரளவில் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841 குடிசன மதிப்பில் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை 1851 இல் 65 இலட்சம். அந்த வருடங்களிலும் அயர்லாந்தில் இருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தன. தொலைநோக்கி ஏறக்குறைய சும்மா நின்றது. பிரபு நிவாரண வேலைகளில் இறங்கினார். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுவதையே கூலி வேலையாகக் கொடுத்தார்.

இதை 'வானத்தை விட்டிறங்கி மக்களைப் பார்த்த நல்ல பிரபு' என்று எழுதுவது சுலபம். மற்றப் பக்கமாக, குடியானவனின் குத்தகைக் காசில் நட்சத்திரம் பார்த்தவர் எண்டு தள்ளிவிடுவதும் சுலபம். முதலாவது கதை, அந்த மனிதர் வாழ்ந்த நில ஒழுங்குதான் சனத்தை ஒரேயொரு கிழங்கில் தங்கவைத்தது என்பதை மறைக்கிறது. இரண்டாவது, பட்டறையில் உலோகம் உருக்கின, இருட்டில் சில்லுச் சுற்றின பெயர் தெரியாத ஆக்களின் திறமையையும் சேர்த்துத் தூக்கி எறிகிறது. எங்களுக்கு இரண்டும் ஒட்டவில்லை.

1848 இல்தான் ஒழுங்கான அவதானிப்பு திரும்பத் தொடங்கியது. அப்போது உதவியாளராக வேலைசெய்த இளைஞர் ஒருவர் ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் ஸ்ரோனி. உயர்தர பௌதிகவியல் படித்தவர்கள் அவரை அறியாமலே அறிவார்கள், 'இலத்திரன்' என்பதன் ஆங்கிலப் பெயரை 1891 இல் வைத்தவர் அவர்தான். இன்னும் பல சுருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

றொபின்சனின் நெபுலாக்களுக்கு என்ன நடந்தது? 1864 இல் வில்லியம் ஹகின்ஸ் நிறமாலைகாட்டியைப் பொருத்திப் பார்த்தபோது, சில நெபுலாக்கள் உண்மையிலேயே வாயு எண்டு தெரியவந்தது. பிரில் நட்சத்திரங்களாகப் பிரிந்துவிட்டது என்று நம்பப்பட்ட ஒறையன் நெபுலாவும் அதில் அடக்கம். சுருள்கள் மட்டும் வேறு வகை. 1920களில் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடாவின் தூரத்தை அளந்த பிறகுதான் அவை தனித்தனிக் கலக்சிகள் என்பது உறுதியானது. ஆக, 51 ஆம் இலக்கம் நட்சத்திரங்களால் ஆனது என்பதில் றொபின்சன் சொன்னது சரி. அந்தத் தனி நட்சத்திரங்களை அவர் கண்டிருக்கவே முடியாது என்பது வேறு கதை. அவை 2 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளவை.

1917 வரைக்கும் அதைவிடப் பெரிய தொலைநோக்கி உலகத்தில் வேலைக்கு வரவில்லை. பழைய ஆடிகளில் ஒன்று இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதில்களும் குழாயும் 1990களில் திருத்தப்பட்டு பிர் தோட்டத்திலேயே நிற்கின்றன.

அந்தச் சுருள் எங்கட வானத்திலும் உண்டு. ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் நிற்கும். கலியாண வீட்டில் காட்டுகிற அருந்ததி அதன் வாலில்தான். வாலின் கடைசி நட்சத்திரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி, நிலவில்லாத இருட்டில், சின்னத் தொலைநோக்கிக்கே ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். சுருள் தெரியாது. கையில ஒரு பென்சிலையும் கொண்டுபோங்கோ.