நாள்கணக்கும் மணிக்கணக்கும்: ஜொகூர் பாருவின் பகுதிநேர ஊழியர்களும் ஊதிய விடுமுறை உரிமையும்

முன்னுரை

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், முழுநேர ஊழியருக்கு ஆண்டுதோறும் 11 பொது விடுமுறைகளையும், பணிக்காலத்துக்கேற்ப 8, 12 அல்லது 16 நாள் ஆண்டு விடுப்பையும் ஊதியத்துடன் வழங்குகிறது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளிலும் உணவகங்களிலும், லிட்டில் இந்தியா எனப்படும் ஜாலான் உங்கு புவானின் துணிக்கடைகளிலும், நாளுக்கு நான்கு மணி நேரமோ வாரயிறுதியில் மட்டுமோ உழைப்பவர்களுக்கு இந்த உரிமை குறைந்த அளவிலேயே கிடைக்கிறது, அல்லது கிடைக்காமலே போகிறது. குறைவாக உழைப்பவர் குறைவாகப் பெறுவது முறைதான் என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக உள்ளது. ஆனால், உழைப்பின் அளவு குறையும் விகிதத்தைவிட உரிமை அதிக விகிதத்தில் குறைகிறது என்பதையும், விடுமுறையை மணியால் அளக்காமல் நாளால் அளப்பதே அதற்குக் காரணம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சட்டம் வகுக்கும் எல்லைகள்

ஒரே நிறுவனத்தில் அதே வகை வேலையைச் செய்யும் முழுநேர ஊழியரின் வழக்கமான வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் வேலை செய்பவரைச் சட்டம் பகுதிநேர ஊழியர் என வரையறுக்கிறது. அவருக்கான உரிமைகளை, 2010 அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்த பகுதிநேர ஊழியர் விதிகள் விவரிக்கின்றன. அவற்றின்படி அவருக்கு ஆண்டில் 7 பொது விடுமுறைகளும், இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்காலத்துக்கு 6 நாள், ஐந்தாண்டு வரை 8 நாள், அதற்கு மேல் 11 நாள் என ஆண்டு விடுப்பும் ஊதியத்துடன் உண்டு. தேவைப்படும்போது மட்டும் ஒழுங்கற்ற முறையில் அழைக்கப்பட்டு, 30 விழுக்காட்டுக்கு மிகாத நேரம் வேலை செய்பவர் தற்காலிக ஊழியர் எனப்படுகிறார். அவர் இவ்விதிகளின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளார்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, வாராந்திர வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 45 மணி நேர வாரத்தைப் பின்பற்றும் கடையில், பகுதிநேர வேலை என்பது 13.5 மணிக்கு மேல் தொடங்கி 31.5 மணியில் முடிகிறது.

வரலாற்றுப் பின்னணி

இச்சிக்கல் தமிழ்த் தொழிலாளருக்குப் புதிதன்று. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கணக்கெடுக்கும் அணிவகுப்பில் நின்று, செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்த நாளுக்கு மட்டுமே கூலி கிடைத்தது. மழை பெய்து பால்வெட்டு நின்றால் வருமானமும் நின்றது. 1954இல் உருவாகி, பி.பி. நாராயணன் தலைமையில் வளர்ந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளத்தை நீண்டகாலக் கோரிக்கையாக வைத்திருந்ததன் காரணம் இதுவே. மாதச் சம்பளம் பெறுபவரின் வருமானத்தை விடுமுறையோ மழையோ அறுப்பதில்லை. நாட்கூலி பெறுபவருக்கு ஒவ்வோர் ஓய்வும் வருமான இழப்பாகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கிருந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு, தோட்டத்தில் நாட்கூலியாக இருந்த நிலையின்மை நகரத்தில் மணிக்கூலியாகத் தொடர்கிறது.

இருமுறைக் குறைப்பு

வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 4 மணி நேரம் என 24 மணி நேரம் வேலை செய்யும் கடை ஊழியர் ஒருவரையும், அதே கடையில் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் வேலை செய்யும் முழுநேர ஊழியரையும் ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். பகுதிநேர ஊழியரின் உழைப்பு மற்றவரின் உழைப்பில் ஏறக்குறைய 53 விழுக்காடு. முதலாண்டில் முழுநேர ஊழியர் பெறும் 11 பொது விடுமுறைகளும் 8 நாள் விடுப்பும் சேர்ந்து 19 நாள், அதாவது 142.5 மணி நேர ஊதியம் ஆகின்றன. பகுதிநேர ஊழியர் பெறும் 7 விடுமுறைகளும் 6 நாள் விடுப்பும் சேர்ந்து 13 நாள். அவருடைய ஒரு நாள் என்பது 4 மணி நேரமே என்பதால், அவை 52 மணி நேர ஊதியமாகச் சுருங்குகின்றன. இது முழுநேர ஊழியர் பெறுவதில் ஏறக்குறைய 36 விழுக்காடுதான்.

நாளின் நீளம் குறைவாக இருப்பதால் விடுமுறை ஊதியம் ஒருமுறை குறைகிறது; நாட்களின் எண்ணிக்கையையும் விதி குறைப்பதால் அது மறுமுறையும் குறைகிறது. உழைப்பின் விகிதப்படி அவருக்குச் சேர வேண்டியது 76 மணி நேர ஊதியம். இழப்பு 24 மணி நேரம், அதாவது முதலாண்டில் சரியாக ஒரு வாரக் கூலி. 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இணையான மணிக்கூலி 8.72 ரிங்கிட் என்பதால், இது 209 ரிங்கிட்டுக்குச் சற்று மேல்.

அதே 24 மணி நேரத்தை நாளுக்கு 8 மணி வீதம் மூன்று நாட்களில் செய்யும் ஊழியருக்கு, விடுமுறைகள் யாவும் அவருடைய வேலை நாட்களிலேயே அமையுமானால், 13 நாட்களும் 104 மணி நேர ஊதியத்தைத் தருகின்றன. இது விகிதப்படி உரியதைவிட அதிகம். ஒரே அளவு உழைப்புக்கு ஒருவர் 52 மணியும் மற்றவர் 104 மணியும் பெறக்கூடும் என்றால், அந்த வேறுபாட்டை உழைப்பு தீர்மானிக்கவில்லை, வேலைப் பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலை எழுதுபவர் பெரும்பாலும் முதலாளியே.

30 விழுக்காட்டு எல்லையும் அதன் இடைவெளியும்

சனி, ஞாயிறு இரு நாளும் நாளுக்கு 7 மணி வேலை செய்பவர் 14 மணியுடன் பகுதிநேர ஊழியராகிறார். நாளுக்கு அரை மணி குறைத்து 13 மணி ஆக்கினால் அந்தத் தகுதியை இழந்து, ஊதிய விடுமுறைகள் அனைத்தையும் இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வாரத்துக்கு ஒரு மணி நேர வேறுபாடு ஆண்டின் 13 நாள் உரிமையை அழிக்கக் கூடாது.

விதிகளின் வாசகத்தைக் கூர்ந்து நோக்கினால் இன்னோர் உண்மை புலப்படும். தற்காலிக ஊழியர் என்ற வரையறைக்கு, நேரம் 30 விழுக்காட்டுக்கு மிகாதிருப்பதுடன், அழைப்பு ஒழுங்கற்றதாகவும் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தவறாமல் ஒவ்வொரு வாரயிறுதியும் 13 மணி நேரம் உழைப்பவரின் வேலையில் ஒழுங்கின்மை எதுவும் இல்லை. எனவே அவர் பகுதிநேர ஊழியரும் அல்லர், தற்காலிக ஊழியரும் அல்லர். பணி ஒப்பந்தம் உடைய அவரை மூலச் சட்டமே ஆள வேண்டும் என வாதிட வலுவான இடமுண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், வாட்ஸ்அப் செய்தி வழியே வேலைக்கு அழைக்கப்படுபவருக்கும் திருத்தச் சட்டம் 101சி பிரிவில் ஓர் ஊன்றுகோலைத் தந்துள்ளது: வேலையின் முறையையோ நேரத்தையோ மற்றொருவர் கட்டுப்படுத்துவது போன்ற சூழல்களில், எதிர்மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, பணி உறவு இருப்பதாகவே அப்பிரிவு ஊகிக்கிறது. உரிய தொகை மறுக்கப்பட்டவர் தொழிலாளர் இலாகாவில் முறையிட, 69ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பண்டிகை நாள் யாருடைய தேர்வு?

பகுதிநேர ஊழியரின் ஏழு விடுமுறைகளில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம் ஆகிய நான்கு கட்டாயமானவை. எஞ்சிய மூன்றை முதலாளி தேர்ந்தெடுக்கிறார். தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை, தீபாவளியும் அவ்வாறே. ஆயினும் இரண்டும் கட்டாயப் பட்டியலில் இல்லை. தேர்வுக்குரிய இடங்கள் முழுநேர ஊழியருக்கு ஆறு, பகுதிநேர ஊழியருக்கு மூன்று என்பதால், சிறுபான்மைச் சமூகத்தின் பண்டிகை விடுபடும் வாய்ப்பு பகுதிநேர ஊழியர் விஷயத்திலேயே கூடுதலாக உள்ளது. தீபாவளி விற்பனைக்காக வாரக்கணக்கில் பட்டும் பலகாரமும் விற்ற பெண், அந்தத் தீபாவளி நாளைக் கூலியில்லாத நாளாகக் கழிக்க நேர்வது இதன் விளைவே.

பிற நாடுகளின் வழிமுறைகள்

ஜொகூர் நீரிணையின் மறுகரையிலேயே ஒரு மாற்று உள்ளது. சிங்கப்பூரில் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். அவருடைய வாராந்திர மணியை முழுநேர ஊழியரின் மணியால் வகுத்து, வரும் விகிதத்தை முழுநேர ஊழியரின் விடுமுறை நாட்களோடும் முழுநேர ஊழியரின் நாள் ஒன்றின் மணிகளோடும் பெருக்கி, உரிமை மணிகளாகவே கணக்கிடப்படுகிறது. மேற்கண்ட மலேசிய எடுத்துக்காட்டில் இச்சூத்திரத்தைப் பொருத்தினால் கிடைப்பது அதே 76 மணி. பிரிட்டனில், 2022இல் ஹார்ப்பர் அறக்கட்டளை வழக்கின் தீர்ப்புக்குப் பின் விதிகள் மாற்றப்பட்டு, 2024 முதல் ஒழுங்கற்ற நேர ஊழியருக்கு உழைத்த நேரத்தில் 12.07 விழுக்காடு விடுப்பாகச் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் தற்காலிக ஊழியருக்கு விடுப்பு இல்லாததை ஈடுசெய்யும் வகையில் 25 விழுக்காடு கூடுதல் கூலி தரப்படுகிறது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1994ஆம் ஆண்டு 175ஆம் உடன்படிக்கையும், விடுப்பிலும் பொது விடுமுறையிலும் பகுதிநேர ஊழியருக்கு இணையான உரிமை வேண்டும் என்றும், பணப் பயன்களை நேரத்துக்கோ வருமானத்துக்கோ ஏற்ற விகிதத்தில் வழங்கலாம் என்றும் கூறுகிறது. மலேசியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

எதிர்வாதமும் மறுமொழியும்

சிறு உணவகங்களால் இச்செலவைத் தாங்க முடியாது என்பது முதன்மையான எதிர்வாதம். அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் அளந்து பார்க்க முடியும். முழுநேர ஊழியர் முதலாண்டில் ஊதியம் பெறும் 2,340 மணிகளில் 142.5 மணி விடுமுறைக்கு உரியது. உழைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் அது 6.5 விழுக்காட்டுக்கு அருகில் வருகிறது. உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய 4 நிமிட ஊதிய ஓய்வு, அல்லது 57 சென் என்பதே அதன் அளவு. அதற்கும் மேலாக, 8.72 ரிங்கிட் என்ற மணிக்கூலியே, மாதச் சம்பளத்தை ஆண்டின் 52 வாரங்களுக்கும் பரப்பி, விடுமுறை நாட்களையும் உழைத்த நாட்களாக எண்ணிப் பெறப்பட்டது. விடுமுறை ஊதியம் மறுக்கப்படும் மணிக்கூலியாளர், குறைந்தபட்சச் சம்பளம் உறுதியளிக்கும் ஆண்டு வருமானத்தின் விகிதப் பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே சிறு முதலாளியிடம் புதிய சுமை கோரப்படவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அவர் ஏற்கெனவே தரும் அதே விலையே கோரப்படுகிறது.

முடிவுரை

இந்த ஆய்வு மூன்று திருத்தங்களை முன்வைக்கிறது. முதலாவதாக, பகுதிநேர ஊழியரின் பொது விடுமுறையையும் ஆண்டு விடுப்பையும் நாட்களாக அன்றி, முழுநேர உரிமையின் விகிதத்தில் மணிகளாகக் கணக்கிட வேண்டும். இரண்டாவதாக, 30 விழுக்காட்டு எல்லையை நீக்கி, முதல் மணியிலிருந்தே உரிமை சேர வேண்டும். ஒழுங்கற்ற முறையில் அழைக்கப்படுபவருக்கு அதைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்து, சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டலாம். மூன்றாவதாக, முதலாளியின் தேர்வுக்குரிய நாட்களில் ஒன்றையேனும் ஊழியர் தம் பண்டிகைக்காகத் தேர்ந்தெடுக்க உரிமை பெற வேண்டும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தாகிவிட்ட நிலையில், அங்கு உருவாகும் வேலைகளின் தரத்தையும் இப்போதே வரையறுத்தாக வேண்டும். அந்த வரையறைக்கு நீரிணையின் மறுகரையில் உள்ள மணிக்கணக்கே போதிய முன்மாதிரி.