தேருக்கு விலக்கு, ஏட்டுக்குத் தடை

ஆபாசப் புத்தகத்தை அச்சிட்டாலும் விற்றாலும் குற்றம் என்றது 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 292-ஆம் பிரிவு. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது. கோயிலில் உள்ள உருவங்களையும், சாமி வலம்வரும் தேரில் செதுக்கியவற்றையும் அது தொடாது. நம் ஊர்த் தேரின் அடித்தட்டைக் கொஞ்சம் குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த விலக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண் எழுதிய காவியத்துக்கு அப்படி ஒரு விலக்கு கிடைக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டில், தஞ்சையில் பிரதாபசிம்மர் ஆண்ட நாளில், அரசவைக் கணிகையாக இருந்தவர் முத்துப்பழனி. அவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' 584 பாடல்கள் கொண்டது. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு பொறாமையில் வெந்து போகிறாள் ராதை. அவளைக் கண்ணன் சமாதானப்படுத்துவதுதான் கதை. ஆசையை வாய்விட்டுச் சொல்பவள் அவள், கெஞ்சுகிறவன் அவன். முன்னுரையில் தன் பாட்டி தஞ்சைநாயகி வழியாகவே வம்சம் சொல்கிறார் முத்துப்பழனி. 1887-இல் வந்த பதிப்பு அந்த முன்னுரையையும் பல பாடல்களையும் வெட்டிவிட்டது.

மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, விட்டதையெல்லாம் சேர்த்து 1910-இல் பதிப்பித்தவர் கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். சென்னையில் வாவிள்ள நிறுவனம் அச்சிட்டது. தெலுங்கின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் முன்பே முத்துப்பழனியை வெட்கம் கெட்டவர் என்ற பொருளில் எழுதியிருந்தார். நாகரத்தினம்மாள் விடவில்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் கதையைச் சிருங்காரமாகப் பாடும் 'வைஜயந்தி விலாச'த்தை அச்சுக்குப் பார்த்துக் கொடுத்தவர் நீங்கள்தானே, வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா என்று தம் முன்னுரையிலேயே கேட்டார்.

1911-இல் போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. தெலுங்கு தெரியாத துரைகளுக்கு, இது ஆபாசம் என்று படித்துச் சொன்னவர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். அவரும் நம்மவர்தான். இந்தத் தடையை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட என்னால் முடியவில்லை. பண்டிதர்கள் பலர் நூலுக்காக மனுக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மனு எடுபடவில்லை.

நாகரத்தினம்மாள் தம் சொத்தைத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்காகச் செலவிட்டு, அங்கேயே தங்கினார். 1947-இல் சென்னை மாகாண முதல்வர் பிரகாசம் பந்துலு தடையை நீக்கியபோது அந்த அம்மாளுக்கு வயது 68. முத்துப்பழனியின் தஞ்சாவூர், நாகரத்தினம்மாள் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.