கணக்கில் வராத வாவி

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதுவோர் பாடும் மீனில் தொடங்குவதே வழக்கம். நான் என் வாப்பாவின் வீச்சுவலையில் தொடங்குகிறேன். மாரியில் வட்டையில் வேளாண்மை, மற்றக் காலத்தில் வாவியில் மீன். எங்கள் வீட்டு அடுப்பு இவ்விரண்டாலும் எரிந்தது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீரை நம்பித் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகவே வாழ்ந்து வந்துள்ளனர்.

நாடு தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிய போதெல்லாம் அதன் சுமை இந்த நீரிலும் வந்து சேர்ந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அரிசியில் தன்னிறைவு காண்பதே நோக்கம். 1962இல் உரமானியமும் வந்தது. விளைச்சல் பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆனால், இடதுகரை வயல்களில் மிஞ்சிய உரமும் கிருமிநாசினியும் வடிநீரோடு வாவியின் தென்பகுதியை வந்தடைந்தன. வடக்கே வாழைச்சேனையில், வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்த அரச ஆலை பலருக்குத் தொழில் கொடுத்தது. அதன் கழிவோ அங்குள்ள களப்பில் கலந்தது. இலாபம் தேடும் தனி முதலாளி இல்லாத இடத்திலும் நீர் காக்கப்படவில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அந்நியச் செலாவணி தேடி, வாவிக்கரையில் இறால் பண்ணைகள் தோன்றின. குளம் வெட்டுவதற்காகக் கண்ணாக் காடுகள் அழிக்கப்பட்டன. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அந்தக் கண்ணா வேரடியில்தான். ஆக, ஏற்றுமதி இறாலுக்காக வலைகாரனின் இறால் பறிபோயிற்று. பண்ணையில் கூலிக்குச் சென்றவர்களும் அவ்வேழைக் கிராமத்தவர்களே. 1987 சனவரியில் மகிழடித்தீவுப் பண்ணையில் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். யுத்தத்தால் இத்தொழில் புத்தளம் பக்கம் பெயர்ந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவ, அங்கும் பல குளங்கள் கைவிடப்பட்டன. பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமானது 1988இல்தான்.

2021இல் நாம் கண்டது இதன் மறுபக்கம். சூழலின் பேரால் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. டொலர் தட்டுப்பாடும் அதன் பின்னால் இருந்தது. கமக்காரரைக் கேட்காமல் போட்ட தடை அவ்வாண்டு நவம்பரில் விலக்கப்பட்டது.

அரசுடைமையா, திறந்த சந்தையா என்று நாம் நெடுங்காலம் வாதிட்டோம. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் வாவியிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். இழப்பைச் சுமந்தவர்கள் அதன் கரையில் இருந்தார்கள். இந்தத் தூரம் குறையாதவரை எந்தக் கொள்கையும் நீரைக் காக்காது.

பிறரை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. வாவியோரத்தை நிரப்பி வளவாக்கியவர்களில் எம்மவரும் உளர். பூமி அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வீடு திரும்பும் வழியில் குப்பையை வாவியில் கொட்டுகிறோம். வாப்பாவின் வலை இன்னும் எங்கள் வளவில் தொங்குகிறது. அதை என் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். வீசிக் காட்ட எனக்குத் தெரியாது.