சேலத்துப் படுக்கையும் செவிலியரின் சாட்சியும்: உறுப்பு தானத்தின் இன்னொரு வரலாறு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் தொழிலாளி தலையில் அடிபட்டு விழுந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அல்லது கடன் வாங்கிக்கொண்டு தனியாரிடம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த மலையில் தோட்டங்களைச் சுமப்பவை மலையாளிப் பழங்குடிகளின் உடல்களும், கீழிருந்து கூலிக்கு வந்த தலித் குடும்பங்களின் உடல்களும்தான். அந்த உடல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போன பிறகு அதைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள்? இதை மருத்துவர்களின் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

2018 மே மாதம் சேலத்தில் நடந்ததை நினைவுபடுத்துவோம். பாலக்காடு மாவட்டத்து இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளைச்சாவு என்று அறிவிக்கப்பட்டது. சிகிச்சைக்கான பில் லட்சக்கணக்கில் நின்றது. அதைக் கட்ட முடியாத நிலையில் தங்களிடம் கையெழுத்து வாங்கி உறுப்புகளை எடுத்துவிட்டார்கள் என்பது குடும்பத்தின் புகார். கேரள முதல்வர் பினராயி விஜயன், சேலம் மாவட்டத்துக்காரரான அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதம் எழுதினார். மருத்துவமனைத் தரப்பு புகாரை மறுத்தது. அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. 2017இல் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்று அறுவைகளில் சுமார் 25 விழுக்காடும், நுரையீரல் மாற்றுகளில் 33 விழுக்காடும் வெளிநாட்டவருக்குப் போனதாக தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் தலைமையிலிருந்தே தகவல் கசிந்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கேட்காமல் இனி எப்படி இருப்பது?

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் சிறுநீரக மாற்று முதலில் வெற்றி பெற்றது நம் வேலூரில், 1971இல், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். உயிர் காக்கும் அந்த அறிவு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சந்தையாகிவிட்டது. சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் வந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனால் உறவினர் அல்லாதவரும் 'பாசத்தால்' தரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்து, அங்கீகாரக் குழுவைக் காவலுக்கு நிறுத்தியது. தரகர்களுக்கு அந்தக் கதவே போதுமானதாக இருந்தது. ஏழை பணக்காரரை நேசிக்கும் அதிசயம் நம் நாட்டில் சிறுநீரகம் தேவைப்படும்போது மட்டும்தான் நடக்கும்!

2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. மாணவத் தோழர்கள் இதை அவசியம் தேடிப் படிக்க வேண்டும். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். விற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூவர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 விழுக்காட்டினருக்கு உடல்நலம் கெட்டது. அடைக்க முடியாத கடன், உழைக்க முடியாத உடல். இரண்டும் வீட்டில் மிச்சம்.

2007இல் எர்ணாவூர் சுனாமி நகர்ப் பெண்கள். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். பள்ளிபாளையம் சேலத்துக்குப் பக்கத்து மாவட்டம்தான். கந்துவட்டிக்கும் குறுங்கடனுக்கும் தவணை கட்ட முடியாதவர்களைத் தரகர்கள் வளைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

இத்தனை சம்பவங்களிலும் பேசப்படாத ஒருவர் உண்டு. அறுவைக்கு முந்தைய இரவு ரத்த அழுத்தம் பார்ப்பவர், 'பயமா இருக்குக்கா' என்று அந்தப் பெண் சொன்னால் காதில் வாங்குபவர், கணவரோ தரகரோ அறை வாசலில் நிற்பதைக் கவனிப்பவர் செவிலியர். மூளைச்சாவு அடைந்தவரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்கில் காப்பவரும் அவரே. 'நெஞ்சு ஏறி இறங்குதே, செத்துட்டான்னு எப்படிச் சொல்றீங்க?' என்று தாய் கேட்பது பெரும்பாலும் அவரிடம்தான். ஆனால் மூளைச்சாவைச் சான்றளிக்கும் நால்வரும் மருத்துவர்கள். உயிரோடிருப்பவரின் சம்மதம் மிரட்டி வாங்கியது என்று தெரிந்தாலும், அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை.

இதில் சாதியும் இருக்கிறது. ரத்தமும் மலமும் பிணமும் தொடும் தீட்டு வேலை என்று 'உயர்ந்த' வீடுகள் ஒதுக்கிய தொழில் இது. மிஷன் மருத்துவமனைகளில் அதை ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவப் பெண்களில் தலித்துகள் பலர். இன்றும் ஒப்பந்தச் செவிலியரின் நிலை என்ன? கொரோனாவில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்களை 2022 டிசம்பர் கடைசியில் அரசு வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் போராடிய ஊர்களில் சேலமும் ஒன்று. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், முதலாளியின் அறுவை அரங்கைப் பார்த்து 'இந்தச் சம்மதம் பொய்' என்று சொல்வாரா? உறுப்பு தான நெறிமுறை பேசும் கருத்தரங்குகளில் பணிநிரந்தரம் என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை.

உறுப்பு தானத்தை நாம் எதிர்க்கவில்லை. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி விபத்தில் இழந்த மகனின் உறுப்புகளைத் தந்தபோது தமிழ்நாடே நெகிழ்ந்தது. 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. சுடுகாட்டுப் பாதை மறிக்கப்படும் சேரிகளிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த மரியாதை கையெழுத்து வாங்கும் மேசையில் தொடங்க வேண்டும்.

சட்டத்தில் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. 2011 திருத்தம் ஒவ்வொரு மாற்று மருத்துவமனைக்கும் ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயமாக்கியது. 2014 விதிகளின்படி செவிலியர் அந்தப் பணிக்கு வரலாம், சமூகப்பணியோ சமூகவியலோ படித்தவர்களும் வரலாம். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்தத் தகுதி உண்டு.

மலைக் கிராமக் கூட்டங்களில் நாங்கள் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மூளைச்சாவுச் சோதனை குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நடக்க வேண்டும். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்ததற்காக யாரும் உடலைப் பிடித்து வைக்க முடியாது. மூன்றாவதைக் கேட்டுத்தான் கூட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்: தானம் செய்பவரின் உடலைப் பராமரிக்கவும் உறுப்புகளை எடுக்கவும் ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று அதே 2014 விதிகள் சொல்கின்றன.