இசபெல் நிக்கல் வழக்கு

பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளின் இசபெல் மாகாணத்தில், கொலோசோரி என்னும் நிலப்பகுதியில் கிடக்கும் நிக்கல் படிவு யாருக்கு உரியது என்று 2011 முதல் 2016 வரை நடந்த வழக்கு. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவாகியிருந்த ஆக்சியம் மைனிங் என்ற சிறு நிறுவனம் ஒரு பக்கம். ஜப்பானின் சுமிட்டோமோ மெட்டல் மைனிங் குழுமத்தைச் சேர்ந்த எஸ்எம்எம் சாலமன் மறுபக்கம். இரண்டு கம்பெனிகளின் சண்டையாகவே வெளியுலகம் இதைப் பார்த்தது. ஆனால் தீர்ப்பைத் தீர்மானித்தது நிக்கல் அல்ல. ஒரு குலத்தின் நிலத்துக்கு யார் கையெழுத்துப் போடலாம் என்ற கேள்விதான்.

இசபெல் நிக்கல் செம்புரை மண்ணில் இருக்கிறது. மக்னீசியம் மிகுந்த கரும்பாறை, வெப்பமண்டல மழையில் பல லட்சம் ஆண்டுகள் ஊறிச் சிதையும்போது மற்ற பொருள்கள் கரைந்து போய்விடும். நிக்கல் கீழே இறங்கித் தங்கும். துளையிட்டு எடுத்த மண் உருளையை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே இரும்பு மிகுந்த செந்நிறம், பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு, அதற்கும் கீழே பச்சை சாயலோடு பாதி மக்கிய பாறை. நிக்கல் கூடுதலாக இருப்பது இந்த அடி அடுக்கில்தான். கூடுதல் என்றாலும் நூறு கிலோ மண்ணில் ஒன்றிரண்டு கிலோ தேறினாலே நல்ல தாது. சுரங்கம் குடைய வேண்டாம். மேல்மண்ணை வழித்து, தாதுவை வாரி, அப்படியே கப்பலில் ஏற்றிவிடலாம். உருக்காலை கட்ட வழியில்லாத சிறு நிறுவனத்துக்கு இந்தப் படிவு அவ்வளவு பெரிய ஆசையாகத் தோன்றியதற்கு இதுவே காரணம். இங்கே நிக்கல் இருப்பது புதிய சேதியும் அல்ல. கனடாவின் இன்கோ நிறுவனம் முன்பே வந்து தேடிப் பார்த்திருக்கிறது.

2010இல் சாலமன் அரசு நடத்திய பன்னாட்டு ஏலத்தில் எஸ்எம்எம் தேர்வானது. பிலிப்பைன்ஸில் செம்புரை நிக்கலைப் பிரித்தெடுக்கும் ஆலைகளை நடத்தும் குழுமம் அது. பணமும் அனுபவமும் உண்டு. ஆக்சியம் வேறு வழியில் வந்தது. நில உரிமையாளர்களுக்கு 20 விழுக்காடு, தனக்கு 80 விழுக்காடு என்று பங்கு பிரித்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியது. நிலத்தைப் பதிவு செய்யவைத்து 50 ஆண்டுக் குத்தகை பெற்றது. 2011இல் கனிம ஆய்வு உரிமத்தையும் வாங்கியது. ஏலத்தில் தனக்குக் கிடைத்த இடம் வேறொருவர் கைக்குப் போவதா என்று எஸ்எம்எம் நீதிமன்றம் ஏறி, இடைக்காலத் தடை பெற்றது.

நிலம் அங்கே எப்படிப்பட்டது என்று தெரியாமல் இந்த வழக்கு புரியாது. சாலமன் தீவுகளின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வழக்காற்று நிலம். பட்டா கிடையாது, தனி ஆள் பெயரும் கிடையாது, குலத்தின் சொத்து. இசபெலில் அது தாய்வழியாக இறங்குகிறது. எல்லை எது, எந்தத் தாயின் கால்வழிக்கு எந்த மேடு என்பதெல்லாம் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லி வருவது. இப்படிப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டுமானால் முதலில் அதைப் பதிவு நிலமாக மாற்றியாக வேண்டும். நில எடுப்பு அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டு, பொது விசாரணை வைத்து, உரிமை கோருவோரைக் கேட்டு, இன்னார்தான் உடையவர் என்று முடிவு சொல்வார். அதன்பின் குலத்தின் சார்பில் சில பொறுப்பாளர்களின் பெயர் பதிவேட்டில் ஏறும். ஆயிரக்கணக்கானோரின் உறவுப் பின்னலைச் சில பெயர்களுக்குள் அடக்கும் இந்த இடம்தான் ஆபத்தானது. விடுபட்ட ஒரு கால்வழி அன்றைக்கே தன் நிலத்தை இழந்துவிடுகிறது. கொலோசோரியிலும் உண்மையான உடையவர்கள் நாங்கள்தான் என்று வேறு சிலர் எழுந்தார்கள். வழக்கில் எஸ்எம்எம்மோடு அவர்களும் நின்றார்கள்.

நீண்ட விசாரணைக்குப் பின் 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஆக்சியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. குத்தகையும் உரிமமும் செல்லும் என்றது. அதே ஆண்டு ஜனவரியில்தான் இந்தோனேசியா நிக்கல் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. சந்தை புதிய தாதுவைத் தேடிக்கொண்டிருந்த நேரம். ஆக்சியம் துளையிடும் வேலையைத் தொடங்கியது. எஸ்எம்எம் மேல்முறையீடு செய்தது.

2016 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. நிலப் பதிவும் அதன்மேல் நின்ற குத்தகையும் விழுந்தன. ஆய்வு உரிமமும் செல்லாது என்றாயிற்று. அதற்காகப் படிவு எஸ்எம்எம்முக்குப் போகவும் இல்லை. இரு நிறுவனங்களும் வெறுங்கையோடு நின்றன. ஐந்தாண்டுச் செலவுக்குப் பின் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது வழக்கு. என் பார்வையில் அந்த ஐந்தாண்டுகளில் அதிகம் இழந்தவர்கள் தீவின் குடும்பங்களே. நிறுவனங்கள் வேறு நாட்டில் வேறு படிவைத் தேடிப் போகலாம். ஒரே நிலத்துக்காக நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற உறவினர்கள் மறுநாளும் அதே ஊரில்தான் வாழ வேண்டும்.

எஸ்எம்எம் 2017இல் சாலமன் தீவுகளை விட்டு விலகியது. ஆக்சியம் விடவில்லை, இசபெலுக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் சான் ஹோர்ஹே தீவில் சுரங்கக் குத்தகை பெற்றது. அதையும் அரசு பின்னர் ரத்து செய்தது. கொலோசோரி படிவு பசிபிக் நிக்கல் மைன்ஸ் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கும் நில உரிமையாளர்களுக்கு 20 விழுக்காடுதான் பங்கு. 2022இல் சுரங்கக் குத்தகை கிடைத்தது. 2024 தொடக்கத்தில் முதல் தாதுக் கப்பல் புறப்பட்டது.